செட்டிநாட்டுச் செம்மண்ணில் குளோவர் வளருமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுக்குப் பின்னால் 25 சென்ட் தோட்டம் இருக்கிறது. மாவும் தென்னையும் நிற்கின்றன, இடையில் வெறும் செம்மண். ஐப்பசி மழையில் கரைந்து ஓடுகிறது, கோடையில் வீடெல்லாம் புழுதி. லண்டனில் மகள் வீட்டில் புல்லுக்குப் பதில் வெள்ளை குளோவர் படர்ந்திருப்பதைப் பார்த்தேன். விதை ஆன்லைனில் கிடைக்கிறது. இங்கே விதைக்கலாமா? நாலு ஆடும் இருக்கின்றன, மேய விடலாமா?

பதில்: இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம்.

வெள்ளை குளோவர் நல்ல செடிதான். பயறு வகையைச் சேர்ந்தது, வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், தரையோடு தரையாகப் படரும், மிதித்தாலும் தாங்கும். ஆனால் அது குளிர்நாட்டுப் பயிர். 20 முதல் 25 டிகிரி வெயிலில் செழிக்கும். 35-ஐத் தாண்டினால் சுணங்கிவிடும். வேரும் மேலாகவே ஓடும் என்பதால் மேல்மண் காய்ந்தால் செடியும் காய்ந்துவிடும். நம் தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களுக்குத்தான் அது சரி. உங்கள் ஊரில் கார்த்திகையில் விதைத்தால் தை வரை பச்சையாக நிற்கும். சித்திரையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டாலும் காப்பாற்றுவது சந்தேகம். ஆசைக்கு ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

இதே வேலையைச் செய்ய பின்டோ கடலை இருக்கிறது. நிலக்கடலைக்குப் பங்காளி, பிரேசில் நாட்டுச் செடி, சின்னச் சின்ன மஞ்சள் பூ. மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சாலையோரங்களில் பார்த்திருப்பார்கள். மர நிழலில் நன்றாக வரும், தழைச்சத்தும் சேர்க்கும். நர்சரியில் நாற்றாகவோ கொடியாகவோ கிடைக்கும். முதல் மழைக்குப் பிறகு, மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளை ஓரடி இடைவெளியில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக்கூடாது. கோடையில் வாரம் ஒரு தண்ணீராவது வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் இலை உதிரும், மழை வந்தால் பெரும்பாலும் துளிர்த்துவிடும்.

நல்ல வெயில் விழும் இடத்துக்கு நான் பொடுதலையைத்தான் சொல்வேன். கண்மாய்க் கரையில், ஊருணி ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடப்பதைப் பிடுங்கி வந்து நடலாம், காசே கிடையாது. தழைச்சத்து தராது, ஆனால் மண்ணை விடாமல் பிடிக்கும். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் நேரத்தில் கவனம். மிஞ்சினால் துவையலுக்கு ஆகும்!

குளோவர் மாதிரியே மூன்று இலைதான் வேண்டும் என்றால் சிறுபுள்ளடி உண்டு. உங்கள் தோட்டத்திலேயே எங்காவது முளைத்திருக்கும், களை என்று கொத்திப் போட்டிருப்பீர்கள். அதுவும் பயறு குடும்பம்தான். புளியாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் இலையை மென்றால் புளிக்கும்.

எதை நட்டாலும் முதலில் கோரையை ஒழிக்க வேண்டும். தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மேலே அறுத்தால் போதாது, கிழங்கோடு எடுக்க வேண்டும். கோடையில் கொத்திப் புரட்டிக் கிழங்கைக் காயப்போடுங்கள், ஒரு மழைக்கு முளைக்கவிட்டு மறுபடி கொத்துங்கள், அப்புறம் நடுங்கள். நட்ட பிறகும் மூன்று மாதம் கைக்களை எடுத்தே ஆகவேண்டும். யூரியா போடாதீர்கள், களைதான் கொழுக்கும். சரிவு இருந்தால் குறுக்கே சிறு வரப்பு போட்டுவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் முதல் பெருமழையே துண்டுகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

சுவரிலிருந்து இரண்டடி வெறுமையாக விடுங்கள். அடர்ந்த கொடிக்குள் எலி ஒதுங்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

ஆட்டுக்கு வருவோம். ஈரமான குளோவரை வெறும் வயிற்றில் நிறைய மேய்ந்தால் ஆடு மாடுகளுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், அந்த வகையிலும் அது உங்களுக்கு வேண்டாம். பின்டோ கடலையை மேயலாம், ஆனால் வேர் பிடிக்குமுன் விட்டால் கொடியோடு பிடுங்கிவிடும். தீவனத்துக்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கி முயல் மசால் விதையுங்கள். செம்மண்ணில் மானாவாரியாகவே வரும். விதைத்தோல் கெட்டி என்பதால் 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் விதையுங்கள்.