அப்பா என்ன விரும்பியிருப்பார்?

கேள்வி: 68 வயதான என் அப்பாவுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதயம் நின்று, மீண்டும் துடித்தது. அன்று போன நினைவு திரும்பவில்லை. கழுத்தில் சுவாசக் குழாய், மூக்கு வழியாக உணவு. மூளை இனி மீளாது என்கிறார் நரம்பியல் மருத்துவர். அடுத்த முறை நிமோனியா வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்கிறார் அம்மா. அது அப்பாவைக் கொல்வதற்குச் சமம் என்கிறான் தம்பி. சட்டம் என்ன சொல்கிறது?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தம்பியின் அச்சம் நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றம். பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதும் நிறுத்துவதும் அப்படியல்ல. கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமையே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

அப்பா கண் விழிப்பார், கொட்டாவி விடுவார், உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றவும் செய்வார். இதைப் பார்க்கும் மகனுக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆனால், மூளைத்தண்டு பிழைத்திருந்தாலே இவையெல்லாம் நடக்கும். அறிவதும் உணர்வதும் அதற்கு மேலுள்ள பகுதிகளின் வேலை. இது மூளைச்சாவு அல்ல, எனவே சட்டப்படி அவர் உயிரோடு இருக்கிறார். பிராணவாயு கிடைக்காமல் ஏற்பட்ட பாதிப்பில் மூன்று மாதங்களுக்குப் பிறகு நினைவு திரும்புவது மிக அரிது. தலைக்காயம் என்றால் ஓராண்டு வரை காத்திருப்பார்கள்.

இப்படியொரு நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டாலும் வழி உண்டு. 2023 ஜனவரியில் எளிமையாக்கப்பட்ட நடைமுறைப்படி, சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் கொண்ட முதல் குழு பரிசீலிக்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு அதை உறுதி செய்யும். குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். முடிவைச் செயல்படுத்துமுன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட நிலையில், 2015 வரை படுக்கையில் வாழ்ந்தார். அவருக்கு உணவை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அத்தனை ஆண்டுகள் அவரைக் குழந்தையைப் போல் பராமரித்த செவிலியர்களின் விருப்பத்தையே பெரிதாக மதித்தது. எனக்கு அதில் பாடமாகப் படுவது இதுதான்: முடிவெடுக்கும் தகுதி அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவின் சொல்லுக்கே எடை அதிகம். ஆனாலும் அவரிடமும் தம்பியிடமும் கேட்க வேண்டியது “உங்களுக்கு என்ன வேண்டும்” என்பதல்ல, “அப்பாவால் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்” என்பதே. உறவினர் ஒருவர் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது அப்பா சொன்ன ஒரு வார்த்தைகூட இங்கே சாட்சிதான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். மருத்துவரின் ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திட்டு, குழாயை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதில் நோயாளி மூச்சுத்திணறி, மருந்தின் துணையின்றி இறக்க நேரிடும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மார்ஃபினும், சளியை உறிஞ்சி எடுப்பதும், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் தொடர வேண்டும். அடுத்த காய்ச்சல் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையும் வலி தணிப்பு மருத்துவரையும் ஒன்றாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். தம்பியைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.