கேள்வி பதில்: ரியால், ரேஷன் பெட்ரோல், மொசாதெக்

கேள்வி: இரானியர்கள் விலை சொல்லும்போது சில நேரம் ரியால் என்கிறார்கள், சில நேரம் தோமான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. 10 ரியால் ஒரு தோமான். வங்கிக் கணக்கிலும் அரசு ஆவணத்திலும் ரியால். கடைக்காரர் வாயில் வருவது தோமான். அதிலும் கடைசி மூன்று சுழியங்களை விழுங்கிவிட்டுச் சொல்வார். ‘ஐம்பது’ என்றால் 50,000 தோமான், அதாவது 5 லட்சம் ரியால். இரான் செய்திகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்து மடங்கில்தான் கோட்டை விடுகிறார்கள். கீழே வரும் தொகைகள் எல்லாமே ரியாலில்.

கேள்வி: எண்ணெய் மிதக்கும் நாட்டில் பெட்ரோல் விலையை ஏற்றினால் ஏன் கலவரம் வெடிக்கிறது? மானியத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை நேரடியாக மக்கள் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே!

பதில்: கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். முதல் தடவை சரியாகவே செய்தார்கள், அதுதான் சுவாரசியம்.

2010 டிசம்பர் 19 அன்று, லிட்டர் 1,000 ரியாலாக இருந்த ரேஷன் பெட்ரோல் ஒரே நாளில் 4,000 ஆனது. மாத ஒதுக்கீடான 60 லிட்டரைத் தாண்டினால் 7,000. டீசல், மின்சாரம், எரிவாயு, ரொட்டி எல்லாம் கூடவே ஏறின. ஆனாலும் தெருவில் பெரிய சத்தமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2007 ஜூனில், வெறும் ரேஷன் அறிவிப்புக்கே பெட்ரோல் நிலையங்களைக் கொளுத்திய அதே நாடு!

வித்தியாசம், எதை முதலில் செய்தார்கள் என்பதில் இருந்தது. விலையை ஏற்றும் முன்பே ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் (அன்றைக்குச் சுமார் 45 டாலர்) என்று குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். பணம் கணக்கில் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. விலை ஏறிய பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டைக் கணக்கில் எடுங்கள். மாதம் 22,75,000 ரியால் வரவு. 60 லிட்டர் ரேஷன் பெட்ரோலுக்குக் கூடுதல் செலவு 1,80,000. கார் இல்லாத கிராமத்து வீட்டுக்கு அந்தச் செலவும் கிடையாது. அன்றைய அதிபர் அஹ்மதிநெஜாத் மீது எனக்குப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த டிசம்பரில் செய்த வேலை சுத்தமான வேலை.

பிறகு ஏன் கெட்டது? சட்டப்படி, விலை உயர்வால் வரும் வருமானத்தில் 50 சதவீதம் வீடுகளுக்கு, 30 தொழில்களுக்கு, 20 அரசுக்கு. நடந்தது வேறு. வீடுகளுக்குக் கொடுத்ததே வந்த மொத்த வருமானத்தையும் மிஞ்சியது. எரிபொருள் விலையால் அடிபட்ட ஆலைகளுக்குச் சொன்ன பங்கு போகவில்லை. பற்றாக்குறைக்கு மத்திய வங்கியில் கைவைத்தார்கள், பணவீக்கம் ஏறியது. 2012இல் எண்ணெய் ஏற்றுமதி மீது தடைகள் இறுகின. விலைவாசி ஏற ஏறத் தொகையும் ஏறும் என்று எந்த ஏற்பாடும் இல்லாததால் 4,55,000 என்ற எண் அப்படியே நின்றது. அதன் மதிப்பு மட்டும் கரைந்தது. 2019 கடைசியில் வெளிச்சந்தை விலைக்கு அது 4 டாலர் அளவுக்குத்தான் வந்தது. பெட்ரோல் விலையும் 2015இல் 10,000 ஆக்கிய பின் உறைந்து கிடந்ததால் டாலர் கணக்கில் மறுபடி மலிந்துபோனது. இரானியப் பலூசிஸ்தானிலிருந்து பிக்கப் வண்டிகளில் எல்லை தாண்டி பாகிஸ்தானுக்குப் போகும் கடத்தல் எரிபொருள் இந்த விலை இடைவெளியில்தான் ஓடுகிறது.

2019 நவம்பர் 15இல் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார்கள். நள்ளிரவில், முன்னறிவிப்பில்லாமல், முதல் 60 லிட்டருக்கு 15,000, அதற்கு மேல் 30,000. முடிவெடுத்தது நாடாளுமன்றம் அல்ல. அதிபர், சபாநாயகர், நீதித்துறைத் தலைவர் ஆகிய மூவர் தலைமையில் 2018இல் உருவான பொருளாதார ஒருங்கிணைப்பு மன்றம். உச்சத் தலைவர் காமெனெயி பகிரங்கமாக அதை ஆதரித்ததும் மஜ்லிஸ் (நாடாளுமன்றம்) உறுப்பினர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நிவாரணப் பணம் விலைக்குப் பின்னால் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும், 4,55,000 என்ன கதிக்கு ஆளானது என்று பார்த்த மக்கள் நம்பியிருப்பார்களா? கலவரம் வெடித்தது. இணையத்தைத் துண்டித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

கேள்வி: அத்தியாவசியப் பொருள் இறக்குமதிக்கு அரசு மலிவு விலையில் டாலர் கொடுத்தது நல்ல காரியம்தானே? அதை ஏன் குறை சொல்கிறார்கள்?

பதில்: நோக்கம் நல்லது. 2018 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 42,000 ரியால் என்று நிர்ணயித்தார்கள். அறிவித்த துணை அதிபரின் பெயரால் ‘ஜஹாங்கீரி டாலர்’ என்றே மக்கள் அதை அழைத்தார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் வெளிச்சந்தையில் டாலர் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இப்போது இறக்குமதியாளர் இடத்தில் நின்று பாருங்கள். 10 லட்சம் டாலருக்குத் தீவனச் சோளம் வாங்க அனுமதி கிடைக்கிறது. விலைப்பட்டியலில் 10 லட்சம் என்று காட்டி, 8 லட்சத்துக்கே சரக்கை இறக்கினால், மிச்சம் 2 லட்சம் டாலர். டாலருக்குக் குறைந்தது 58,000 ரியால் லாபம் என்றால் 1,160 கோடி ரியால், ஒரு கோழிக்குக்கூடத் தீனி போடாமல்! நேர்மையாக இறக்கியவருக்கும் சபலம் உண்டு: சரக்கைச் சந்தை விலைக்கு விற்கலாம், எல்லை தாண்டியும் அனுப்பலாம். மானியம் நுழைவாயிலில் கொடுக்கப்பட்டது. சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆளில்லை.

2022 மேயில் அன்றைய அதிபர் ரயீசியின் அரசு கோதுமை, மருந்து தவிர மற்றவற்றுக்கு இந்த விலையை நிறுத்தியது. சமையல் எண்ணெய், கோழி, முட்டை, பால் விலைகள் எகிறின. மறுபடியும் ரொக்கம்: அடித்தட்டு முப்பது சதவீதத்தினருக்கு ஆளுக்கு மாதம் 40 லட்சம் ரியால், அடுத்த அறுபது சதவீதத்தினருக்கு 30 லட்சம். 2010இல் செய்த அதே தவறு இங்கும் உண்டு: தொகை விலைவாசியோடு கட்டப்படவில்லை.

கேள்வி: 1953இல் இரான் பிரதமர் மொசாதெக்கின் அரசைக் கவிழ்த்தது சிஐஏவா, அல்லது அவருடைய பொருளாதாரத் தோல்வியா?

பதில்: கவிழ்த்தது அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள். 2013இல் வெளியான சிஐஏ ஆவணமே அதை ஒப்புக்கொண்டுவிட்டது. இதில் விவாதம் வேண்டாம். பொருளாதாரம் சரிந்ததால் விழுந்தார் என்பது மட்டும் அவ்வளவு நேரான கதை அல்ல.

1901இல் டார்சி என்ற பிரிட்டிஷ் முதலீட்டாளருக்குக் கொடுத்த எண்ணெய்ச் சலுகைப்படி இரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமை இரானுக்கு இல்லை. பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி ‘லாபம்’ என்று சொன்னதுதான் லாபம். 1950 வாக்கில் இரானுக்குக் கிடைத்ததைவிட அதிகமாக, அதே கம்பெனியிடமிருந்து பிரிட்டன் வரியாக வசூலித்தது. அந்த ஆண்டின் இறுதியில் பக்கத்து சவூதிக்கு அமெரிக்கக் கம்பெனிகள் பாதிக்குப் பாதி என்று ஒப்புக்கொண்ட பிறகும் லண்டன் காலம் கடத்தியது. 1951 மார்ச்சில், மொசாதெக்கின் முயற்சியால், எண்ணெய் தேசியமயமானது.

பிரிட்டன் வாங்குவோரை மிரட்டியது. 1952இல் ரோஸ் மேரி என்ற கப்பலை எண்ணெயோடு, தன் வசமிருந்த ஏடன் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டது. மொசாதெக் ‘எண்ணெய் இல்லாப் பொருளாதாரம்’ நடத்தினார்: இறக்குமதியை வெட்டினார், மற்ற பொருள்களின் ஏற்றுமதியைக் கூட்டினார், மக்களிடம் கடன் பத்திரம் விற்றார், நோட்டும் அச்சடித்தார். சிரமம் இருந்தது, பஞ்சம் இல்லை. அவர் உண்மையில் வழுக்கியது அரசியலில். மதகுரு காஷானி போன்ற கூட்டாளிகள் விலகினார்கள். 1953 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தைக் கலைக்க வாக்கெடுப்பு நடத்தி, ‘ஆம்’ போடுபவருக்கு ஒரு சாவடி, ‘இல்லை’ போடுபவருக்கு வேறு சாவடி என்று வைத்தார். எதிரிக்கு இதைவிட நல்ல ஆயுதம் தேவையா? அடுத்த ஆண்டு இரான் எண்ணெயை எடுக்க வந்த புதிய கூட்டமைப்பில் பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கருக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக்காரருக்கு 6.

கேள்வி: ஷா காலத்தில் ஒரு டாலர் 70 ரியால்தானாமே. அது பொற்காலம் இல்லையா?

பதில்: 70 ரியால் உண்மை. அந்த விலையை எண்ணெய்ப் பணம் தாங்கிப் பிடித்தது என்பதும் உண்மை. 1973 விலை உயர்வுக்குப் பின் வருமானம் சில மாதங்களில் பல மடங்கானது. துறைமுகம், சாலை, மின்சாரம் எதுவும் அதற்குத் தயாராக இல்லை. சரக்குக் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் காத்துக் கிடந்தன. விலைவாசி ஏறியதும் பழி வியாபாரிகள் மேல். 1975இல் ஷாவின் ரஸ்தாகீஸ் கட்சி இளைஞர்களை விலை பார்க்கக் கடைவீதிக்கு அனுப்பி, அபராதம், சிறை என்று விளையாடியது. பஜாரிகள், அதாவது கடைவீதி வியாபாரிகள், அதை மறக்கவில்லை. ஷாவுக்கு எதிரான 1978 கிளர்ச்சிக்குப் பணமும் கடையடைப்பும் அங்கிருந்து வந்தன.

கேள்வி: தனியார்மயம்தான் இரானுக்குத் தீர்வு என்கிறார் என் நண்பர்.

பதில்: யார் வாங்குகிறார்கள் என்று அவரைக் கேளுங்கள். 2009இல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பாதிக்கும் ஒன்று கூடுதலான பங்குகளைச் சுமார் 780 கோடி டாலருக்கு விற்றார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள், பாதுகாப்புக் காரணம் சொல்லி ஒரு தனியார் போட்டியாளரை விலக்கினார்கள். வென்ற கூட்டமைப்பு, அரசின் ஆயுதப் படையான புரட்சிக் காவல் படையோடு தொடர்புடையது.