சிறிய நாடு ராணுவக் கூட்டணிக்கு என்ன தர முடியும்?

பெரிய படை இல்லாத நாடு, தனக்குக் கைவந்த ஒரே துறையில் ஆழமாகத் தேர்ச்சி பெற்று, அதையே கூட்டணிக்கு வழங்குவதுதான் சிறப்புத்திறன் பங்களிப்பு.

காரணம் எளிது. சுமார் 1 கோடி மக்கள் வாழும் செக் குடியரசுக்கு விமானந்தாங்கிக் கப்பல்களை வாங்குவது கட்டுப்படியாகாது. ஆனால் ரசாயன ஆயுதங்களிலிருந்து படைகளைக் காக்கும் கலையில் அதற்குப் பல பத்தாண்டுப் பழக்கம் உண்டு.

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்கள் இல்லாமல் தேர் பத்திரமாக வீதி திரும்பாது.

ஈராக்குக்கு எதிராக அமெரிக்கா தலைமையிலான கூட்டணி நடத்திய 1991 வளைகுடாப் போரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். செக் குடியரசு அன்று அங்கமாக இருந்த செக்கோஸ்லோவாக்கியா அனுப்பியது ஏறத்தாழ 200 பேர் கொண்ட ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு. சாரின் என்ற நரம்பு நச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணும் மூக்கும் உதவாத இடத்தில் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த கையும் மட்டுமே துணை. சவுதி பாலைவனத்தில் மிகக் குறைந்த அளவில் பரவியிருந்த நரம்பு நச்சை அந்த வீரர்கள் கண்டறிந்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பின்னாளில் அதை நம்பத்தக்க கண்டறிதல் என்று ஏற்றது. என் பார்வையில், ஒரு சிறிய படைக்கு இதைவிடப் பெரிய மதிப்பு கிடைக்க முடியாது.

1999இல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்த செக் குடியரசின் வீஷ்கோவ் நகரில்தான் இத்துறைக்கான நேட்டோ சிறப்பு மையம் இன்று இயங்குகிறது.

ரசாயனப் படைப்பிரிவு என்றதும் நச்சை வீசும் படை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பிரிவின் வேலை நச்சைக் கண்டறிவதும், அது பட்ட மனிதர்களையும் வண்டிகளையும் கழுவித் தூய்மைப்படுத்துவதும்தான்.