பழத்தைச் சுடுவது வீண் வேலையா?

கேள்வி: சுட்ட பழங்களைக் கொண்டு கோடைக்கால சாலட் செய்து பார்த்தேன். பழம் குழைந்தது, இலைகள் வாடின, தட்டில் நீர் தேங்கியது. குளிர்ச்சிக்காக உண்ணும் பழத்தை நெருப்பில் வாட்டுவது வீண் வேலை அல்லவா?

பதில்: இல்லை. நீங்கள் உண்டது சுட்ட பழம் அன்று, வெந்த பழம். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது; சர்க்கரை பழுப்பேறி மணம் பெறுவதற்கோ அதைவிட மிகுந்த சூடு, சுக்ரோஸ் எனும் சாதாரணச் சர்க்கரைக்கு ஏறத்தாழ 160 டிகிரி, வேண்டும். கிரில் நன்றாகக் காய்வதற்கு முன்பே துண்டுகளை நெருக்கி அடுக்கினால், ஈரம் ஆவியாகி விலக வழியின்றிப் பழம் தன் சாற்றிலேயே வெந்துவிடுகிறது.

ஆகவே பழத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே கண்டிப்பு வேண்டும். நன்கு கனிந்து மென்மையானதை அப்படியே உண்ணுங்கள்; சுடுவதற்கு, மணம் வந்தும் விரலுக்கு இறுக்கமாக இருக்கிற அன்னாசி, பீச், மாம்பழம் போன்றவையே ஏற்றவை. இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, எண்ணெயைப் பழத்தின் மீதே மெல்லிதாகத் தடவி, இடைவெளி விட்டு வைத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் தொடாமல் விடுங்கள். அடிப்புறம் நன்கு சிவந்த துண்டு பெரும்பாலும் தானே கம்பியை விட்டு வரும். ஒட்டிக்கொண்டு வர மறுப்பதைச் சுரண்டிப் புரட்டுவதில்தான் பல துண்டுகள் சிதைகின்றன. தேனையும் சர்க்கரையையும் முன்கூட்டியே தடவினால் கருகிக் கசக்கும். உப்பை முன்பே தூவினால் சாறு வெளியேறும். உப்பைக் கடைசியில் சேருங்கள்.

இலைகள் வாடியதற்கு நெருப்பைக் குறை சொல்வது நியாயமன்று. சூடான பழத்தை அவற்றின் மேல் கொட்டினால் எந்த இலையும் வாடத்தான் செய்யும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்பி, ஆறிய பின்பே சேர்க்க வேண்டும். சாலட் மேல் ஊற்றுவதற்கான, எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்ற வழக்கமான கலவை இங்கே மந்தமாகிவிடும். சுட்டதில் நீர் வற்றி இனிப்பு தூக்கலாக இருப்பதால், எண்ணெயை இரண்டு பங்காகக் குறைத்து எலுமிச்சைச் சாற்றை முன்னே வர விடுங்கள்.

அன்னாசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுடாத அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைப்பதால், தயிரோ சீஸோ சேர்ந்த சாலட் சற்று நேரத்தில் கசந்துவிடும். சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் துண்டின் நடுப்பகுதி வரை சூடு ஏறியிருக்காது என்பதால், அப்போதும் தயிரை உண்ணும் வேளையில்தான் கலக்க வேண்டும்.

நீங்கள் எதிர்பார்க்கும் குளிர்ச்சியை நான் மறுக்கவில்லை. எல்லாப் பழத்தையும் சுட வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவே இருக்கும் தர்பூசணியையும் வெள்ளரியையும் சுடாமல் குளிரவைத்துச் சேருங்கள். சுட்ட அன்னாசியின் அடர்ந்த இனிப்புக்குப் பக்கத்தில் அவை இன்னும் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் பரிமாறும்போது மட்டுமே ஒன்றாகக் கலந்து, எஞ்சியதை, கடும் வெயில் நாளென்றால் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.