பெங்குவினின் பட்டினிக் கணக்கு

கேள்வி: நான்கு ஆண்டுகளாக அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளை எழுதி வருகிறேன். இரண்டு முறை ஓரிரு மதிப்பெண்களில் வாய்ப்பு நழுவியது. மனம் தளரும்போதெல்லாம், பனியிலும் பாலையிலும் உயிர் வாழும் விலங்குகளைப் பார்த்துப் பொறுமை கற்றுக்கொள் என்கிறார் என் பெரியப்பா. வேறு வழியில்லாமல் சகித்துக்கொள்ளும் உயிர்களிடம் மனிதர்கள் கற்பதற்கு என்ன இருக்கிறது?

வாசகி ஒருவர், பெரம்பூர், சென்னை.

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. விலங்குகள் பொறுமையை ஓர் அறமாகக் கருதிக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால், அவை வெறுமனே சகித்துக்கொண்டு கிடக்கின்றன என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அண்டார்க்டிகாவின் பேரரசப் பெங்குவினை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பறவை ஒரே ஒரு முட்டையிட்டு, அதை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குச் சென்றுவிடும். வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கக்கூடிய குளிர்காலத்தில், ஆண் பறவை அந்த முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு, இரண்டு மாதங்களுக்கும் சற்று மேலாக அடைகாக்கும். இணை சேர்வதற்காகக் கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அது எதையும் உண்பதில்லை. உடல் எடையில் 40 சதவீதம் வரை கரைந்துவிடும். இந்த நெடும்பட்டினிக்குத் தேவையான கொழுப்பைக் கடலில் இருக்கும் காலத்திலேயே சேர்த்துக்கொண்டுதான் அது பனிவெளிக்கு வருகிறது. பறவைகள் பெருங்கூட்டமாக நெருக்கியடித்து நிற்பதும் அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கூட்டத்தின் நடுவில் வெப்பம் 37 டிகிரி வரைகூட உயர்வதுண்டு. ஆனால் கூட்டம் சில சென்டிமீட்டர் அளவில் மெல்ல மெல்ல நகர்ந்தபடியே இருப்பதால், ஓரத்தில் காற்றை வாங்கிய பறவை உள்ளே வருவதும், உள்ளே இருந்தது வெளியே போவதும் நடந்துகொண்டே இருக்கும். (மாலை நேர மின்சார ரயிலில் பெரம்பூர் வரை நின்றுகொண்டே வரும் உங்களுக்கு இந்த நெருக்கம் புதிதாக இராது, இடம் மாறிக்கொள்வது வேண்டுமானால் புதிதாக இருக்கலாம்.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. சேமித்த கொழுப்பு ஓர் எல்லைக்குக் கீழே குறைந்து, உடல் தன் தசையின் புரதத்தையே எரிக்கத் தொடங்கிய பிறகும் பெண் பறவை திரும்பி வரவில்லையென்றால், ஆண் முட்டையை விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடந்துவிடும். கடல் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கக்கூடும். அவ்வளவு தூரம் நடப்பதற்கான வலு மிஞ்சியிருக்கும்போதே அது கிளம்பியாக வேண்டும். இதைப் பொறுமையின்மை என்று உங்கள் பெரியப்பாவாலும் சொல்ல முடியாது.

நம் ஊரிலேயே பார்க்க விரும்பினால் தவளைகள் இருக்கின்றன. குளமும் குட்டையும் வற்றும் கோடையில் அவற்றுள் பல மண்ணுக்குள் புதைந்து, உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நாம் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தோமே, அப்படி அவை பதறுவதில்லை. நல்ல மழை இறங்கிய இரவிலேயே வெளியே வந்து குரலெழுப்பத் தொடங்கிவிடும்.

வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள், படிப்போடு ஏதேனும் வேலையும் செய்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் விஷயத்தில் கொழுப்பு என்பது அதுதான். கையிருப்பும் உடல்நலமும் வீட்டாரின் ஆதரவும் இன்னும் எத்தனை தேர்வுகளுக்குத் தாங்கும் என்பதை, முடிவு வெளியாகும் நாளின் கலக்கத்தில் அல்லாமல், இப்போதே அமைதியாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்கும் என்றால் தயங்காமல் தொடருங்கள். தாங்காது என்றால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு, தேர்வைச் சற்றுத் தள்ளி வைப்பதில் தவறில்லை. முட்டையை விட்டுச் சென்ற பெங்குவினும் கடலில் உடல் தேறிய பின், மற்றொரு குளிர்காலத்தில் அதே பனிவெளிக்கு நடந்து வரும்.