நாற்காலியை நகர்த்திப் பார்த்தீர்களா?

கேள்வி: மாடியில் 12 அடிக்கு 10 அடி அறை. நீளவாக்கில் நட்டநடுவில் நாற்காலி போட்டுக் கேட்கிறேன். பேஸ் (அடித்தொனி) கிடாரின் சில ஸ்வரங்கள் காணாமலே போகின்றன, எழுந்து சுவர்ப் பக்கம் போனால் கும்மென்று வருகிறது. அறைக்கேற்ப ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஎஸ்பி கருவி 30 ஆயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. உங்கள் 12 அடிக்குள் 47 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 47 அதிர்வு) அலையின் பாதி கச்சிதமாக அடங்கிக்கொள்ளும். சுவரோரம் அது முழங்கும், நடுவில் செத்துக்கிடக்கும். அந்தச் செத்த இடத்தில்தான் நீங்கள் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். டிஎஸ்பி மேட்டை, அதாவது அளவுக்கு மீறி முழங்கும் ஸ்வரத்தை, வெட்டும், அதில் கெட்டிக்காரன். ஆனால் ஸ்வரம் செத்துக்கிடக்கும் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது, ஏனென்றால் அங்கே ஸ்பீக்கரிலிருந்து வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நீங்கள் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடவே கூடும். ஒலியளவை 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட்ஸ் தள்ள வேண்டும், அதையும் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. நான் இதைக் காசு கொடுத்துப் படித்தவன். வருஷங்களுக்கு முன் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஈக்வலைசர் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் பெட்டி) வாங்கி, பேஸ் குமிழை உச்சிக்கு ஏற்றி வைத்தேன். மூன்றாம் நாள் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) காயில் கருகிய வாடையில், அடுப்பில் தோசை தீய்ந்துவிட்டது என்று அடுக்களைக்கு ஓடினேன்.

நாற்காலியை ரெண்டு அடி பின்னால் தள்ளுங்கள். அப்புறம் சப்வூஃபரை (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) தூக்கி அந்த நாற்காலி மேலேயே வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள் (கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் வேறு நினைப்பார்கள்). எங்கே ஒலி சீராக இருக்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். அதன் பிறகும் ஒரு ஸ்வரம் மட்டும் முழங்கினால் டிஎஸ்பி வாங்குங்கள், தாராளமாக.

கேள்வி: ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வந்த மைக்கை வைத்து, அறையை அளந்து தானாகவே ஒலியைத் திருத்தும் ஆட்டோ செட்டப் ஓட்டினேன், முன்னைவிட மோசம். மைக்கைக் கையில்தான் பிடித்திருந்தேன், ஃபேன் ஓடியது. ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கலாமா?
- தென்காசி

பதில்: பழுது ரிசீவரில் இல்லை. ஃபேனை நிறுத்துங்கள், மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள், உட்காரும் இடத்தைச் சுற்றி ஆறேழு இடத்தில் அளவெடுங்கள். கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா?

கேள்வி: பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பேஸ் குறையுமா?
- சேரன்மகாதேவி

பதில்: 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். பாய் இருப்பதே அதற்குத் தெரியாது. கீழே விரித்துப் படுத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: "அறையின் பேஸ் எதிரொலியை உறிஞ்சும் கருவி" என்று பிளக்கில் சொருகும் சின்னப் பெட்டியை ரூ.14,500 கொடுத்து வாங்கினேன். பச்சை விளக்கு எரிகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. விற்றவர் கோவைக்காரர், பணம் தர மாட்டேன் என்கிறார். பில்லும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரமும் இருக்கின்றன. ஓய்வூதியக்காரன் நான்.
- அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, உங்கள் மேல் தப்பே இல்லை. அப்படிப்பட்ட கருவி நிஜமாகவே உண்டு, அதனால்தான் இந்தப் போலி எடுபடுகிறது. சுவிட்சர்லாந்தின் பிஎஸ்ஐ ஆடியோ செய்யும் ஆவா என்ற கருவியில் மைக் ஒன்று காற்றழுத்தத்தை அளக்கும், அதற்கேற்றபடி உள்ளே ஒரு ஸ்பீக்கர் அசைந்து, சுவரில் பெரிய ஓட்டை போட்டது மாதிரி பேஸை விழுங்கும். விலை லட்சக்கணக்கு. காற்றைத் தள்ள ஸ்பீக்கரே இல்லாத பெட்டி எதை உறிஞ்சும்?

அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கேள்வி: ஒரு சப்வூஃபர் இருக்கிறது. அடுத்து டிஎஸ்பியா, இன்னொரு சப்வூஃபரா?
- வள்ளியூர்

பதில்: நீங்கள் ஒருவர் மட்டும் கேட்பதென்றால் டிஎஸ்பி. பட்டாசலில் நாலு பேர் உட்கார்ந்து படம் பார்ப்பதென்றால் இன்னொரு சப்வூஃபர், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. ஒவ்வொரு இருக்கையிலும் பேஸ் ஒவ்வொரு மாதிரி விழுகிறது, ஒரு டிஎஸ்பி திருத்தம் எல்லோருக்கும் பொருந்தாது. அதே கம்பெனி, அதே மாடலாக வாங்கினால் தொல்லை குறைவு.