ஔவுக்குப் புத்தகம் கிடைக்கும், அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைக்காதா?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 43. காவேரிப்பட்டணத்தில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து இந்த ஆண்டு ஒரு வாசிப்புப் போட்டி வைத்திருக்கிறோம். உயிர் 12, மெய் வரிசை 18, ஆக 30 எழுத்துக்கும், அந்தந்த எழுத்தில் தலைப்புத் தொடங்கும் புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டும். டிசம்பர் 31 கடைசி நாள். ஜனவரியில் இரண்டு நாள் லீவு போட்டுச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் முடிந்தவரை வாங்கி வந்தேன். ஆனாலும் ஐ, ஔ, ங, ஞ, ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இதுவரை 11 புத்தகம்தான் முடித்திருக்கிறேன். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பக்கம் குறைந்த புத்தகங்களாகச் சொன்னால் நல்லது. வீட்டிலும் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. அப்பாவுக்கு 74 வயது. கண்ணில் புரை இருப்பதால் படம் சரியாகத் தெரியாமல், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார் (ஆபரேஷன் செய்யச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு லீவு சிக்கல்). மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். சின்ன வயதில் என்னை நூலகத்துக்கு அழைத்துப் போனவரே அவர்தான். இப்போது அவர் வைக்கும் இரைச்சலுக்குப் பயந்து நான் மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. விடுபட்ட எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

புத்தகக் காட்சிக்கு லீவு போட்டதை ஒரு முழு வாக்கியமாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் கண்ணுக்கு லீவு கிடைக்காததை மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்கள். லீவு சிக்கல் என்றால் ஜனவரியில் அந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது? அதே மேலதிகாரிதானே கையெழுத்துப் போட்டார்? புத்தகம் வாங்கப் போகிறேன் என்றதற்கே விட்டவர், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால் மறுப்பாரா? நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் என் ஊகம். இரண்டு வருடமாகக் கேட்கவில்லை.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இப்படிப்பட்ட அப்பாக்களையும் அம்மாக்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். மாமியாரின் இருமலால் தூக்கம் கெடுகிறது என்று ஒரு பெண் எழுதுவார். அந்த இருமல் எத்தனை மாதமாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினார்களா என்பது கடிதத்தில் இருக்காது. அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், எரிச்சலாக இருக்கிறது என்று ஒருவர் எழுதுவார். அம்மாவுக்குக் காது கேட்கிறதா என்று நான்தான் பதிலுக்குக் கேட்க வேண்டியிருக்கும். பெரியவர்களின் நோய் நம் வீடுகளில் நோயாகத் தெரிவதில்லை. இளையவர்களுக்கு இடைஞ்சலாக ஆனபிறகுதான் அதைப் பற்றிப் பேச்சே எழுகிறது.

படம் தெரியாத மனிதர் ஏன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்தீர்களா? படிக்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்திருக்கிறார். மாங்காய் வரத்துக் காலத்தில் லாரி லாரியாக வந்து இறங்கும் பெங்களூரா ரக மாங்காய்க்கு எடையும் விலையும் பொடி எழுத்தில் எழுதிய கண் அது. அந்த வேலைக்கு நடுவிலும் மகனை நூலகத்துக்கு அழைத்துப் போக நேரம் ஒதுக்கிய மனிதருக்கு இன்றைக்குத் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்த்துப் படிக்க முடியாது. காதால் கிடைப்பதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று சத்தத்தைக் கூட்டுகிறார். அவர் கொடுத்த பழக்கத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் மாடி ஏறிவிட்டீர்கள்.

கண்புரைக்குச் சொட்டு மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பத்தியம் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போகிறது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. பலர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் உட்பட இலவசமாகவே செய்கிறார்கள். பார்வை இழப்பைத் தடுக்க நாடு முழுமைக்குமாகத் திட்டம் வந்தது 1976இல், நீங்கள் பிறப்பதற்கு முன்பே. பணமும் தடை இல்லை, தூரமும் தடை இல்லை. தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. புரை முற்ற முற்ற ஆபரேஷன் கடினமாகும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெட்டுவிடும். நரம்பு கெட்டால் எந்த லென்ஸும் பயன்படாது. அரைகுறைப் பார்வையோடு நடமாடும் 74 வயதுக்காரர் இரவில் குளியலறைப் படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், உங்களுக்கு எத்தனை நாள் லீவு வேண்டியிருக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை உங்கள் மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. ஆனாலும் அப்பாவின் சாப்பாடும் வெந்நீரும் வேளைக்கு நடக்கிறது என்றால் யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாவின் கண் மகனுடைய பொறுப்பு. மருமகள் நல்லவள், அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவாள் என்று ஒதுங்கும் ஆண்களிடம் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது.

இனிப் புத்தகங்கள். பக்கம் குறைந்ததாகக் கேட்கிறீர்கள். விருந்துக்கு வந்து உட்கார்ந்து சின்ன இலையாகப் போடுங்கள் என்கிறவரை நான் பார்த்ததில்லை. ஒரு நாவலைத் தலைப்பின் முதல் எழுத்துக்காக எடுத்து, கடைசிப் பக்கத்தை எண்ணிக்கொண்டே படிப்பதற்குப் பெயர் வாசிப்பு அல்ல. போட்டியில் தோற்றால்தான் என்ன? முதலில் வந்தவருக்கு நண்பர்கள் ஒரு சால்வை போடுவீர்களா? போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பட்டியலில் ட, ண, ழ, ள, ற, ன ஆறையும் அடித்துவிடுங்கள். தமிழ்ச் சொல் எதுவும் இந்த எழுத்துகளில் தொடங்காது. ர, ல இரண்டுக்கும்கூட அதே கதைதான், அதனால்தான் பழைய ஆட்கள் இராமன் என்றும் உலோகம் என்றும் உயிரெழுத்தை முன்னால் வைத்து எழுதினார்கள். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்பதைத் தொல்காப்பியர் அந்தக் காலத்திலேயே முடித்துவைத்துவிட்டார். ட-வுக்கு வெளிநாட்டுப் பெயர் கொண்ட அட்டையைத் தேடிப் பிடிக்கலாம். ண-வுக்கு என்ன செய்வீர்கள்? ஆக ஆறு புத்தகம் கழிந்தது. அந்த ஆறுக்கு ஒதுக்கிய நேரத்தில் அப்பாவின் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடித்துவிடலாம். தொல்காப்பியரே உங்களுக்கு லீவு கொடுத்துவிட்டார், இனி மேலதிகாரி மேல் பழி போட முடியாது.

ங-வில் தொடங்கும் புத்தகமும் கிடைக்காது. ஆத்திசூடியில் ‘ஙப் போல் வளை’ என்று ஒரு வரி மட்டும் உண்டு. தான் ஒன்று மட்டும் பயன்பட்டு, பயன்படாத ஙா, ஙி, ஙு எல்லாவற்றையும் ங தழுவி நிற்பது போல உன் சுற்றத்தைத் தழுவிக்கொள் என்று உரைக்காரர்கள் சொல்வார்கள். சம்பாதிக்காத பிள்ளையாக நீங்கள் இருந்தபோது உங்களைத் தழுவி நின்றவர் உங்கள் அப்பா. இப்போது முறை மாறியிருக்கிறது. நண்பர்கள் ஒப்புக்கொண்டால் ஆத்திசூடி முழுவதையும் ங கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐ-க்கு ஐங்குறுநூறு. ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு. ஒவ்வொன்றும் மூன்றடி முதல் ஆறடிக்குள் அடங்கும். பத்துப் பத்தாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். உரையோடு கூடிய பதிப்பாக எடுங்கள், நாளுக்கு ஒரு பத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஞ-வுக்குப் பாரதியின் ஞானரதம். இந்த எழுத்தில் உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு பெயரும் உண்டு: சுப்பிரமணிய சிவா 1913இல் தொடங்கிய ஞானபானு. அது மாத இதழ், புத்தகம் அல்ல, ஆனால் பாரதி அதிலும் எழுதியிருக்கிறார். சிவா 1925இல் இறந்தது பாப்பாரப்பட்டியில். உங்கள் ஊரில் இருந்து எத்தனை தூரம்? ஒருநாள் அங்கே போய் வரலாம், அப்பாவுக்குக் கண் தெரிந்த பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு.

ஔ-வுக்கு எதுவும் அகப்படவில்லை என்று நீங்கள் எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது யாருக்கு? அந்தத் தகடூரான தருமபுரியில் இருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஔ-வுக்கு ஆள் இல்லை என்கிறீர்கள். இன்குலாப் எழுதிய ‘ஔவை’ நாடகம் இருக்கிறது. நீங்கள் கேட்டபடி பெரிய புத்தகமும் இல்லை, எடுங்கள். அதோடு புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடிய பாட்டுகளையும் சேர்த்துப் படியுங்கள். நெல்லிக்கனிப் பாட்டு 91. அதற்கு அடுத்த பாட்டு இப்படிப் போகிறது:

‘யாழொடும் கொள்ளா பொழுதொடும் புணரா
பொருள்அறி வாரா ஆயினும் தந்தையர்க்கு
அருள்வந் தனவால் புதல்வர்தம் மழலை’

குழந்தையின் மழலை யாழின் இசையோடு சேராது, தாளத்தில் நிற்காது, பொருளும் விளங்காது, ஆனாலும் அப்பாவுக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கிறது. நூலகத்தில் இருந்து எடுத்து வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டித் தப்பும் தவறுமாக நீங்கள் உரக்கப் படித்த நாள்களில், மண்டியில் இருந்து களைத்து வந்த மனிதர் இரைச்சல் தாங்காமல் மாடிக்கு ஓடினாரா? கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தார்? அவர் டிவியில் இப்போது கொஞ்சம் சத்தம் கூடுதலாக வருகிறது. அதற்கு நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

மாடியை விட்டுக் கீழே இறங்குங்கள். இன்று இரவே டிவியை அணைக்கச் சொல்லாதீர்கள், அணைக்க மாட்டார், அணைக்கவும் வேண்டாம். ‘அப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். அவரே அணைப்பார். வ இன்னும் பாக்கி இருந்தால் வியாசர் விருந்தில் தொடங்குங்கள். ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எழுதிய மகாபாரதக் கதை அது. திரௌபதியம்மன் கோவிலில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்த தலைமுறை உங்கள் அப்பாவுடையது. நீங்கள் ஒரு பக்கம் படிப்பதற்குள் அவர் குறுக்கே புகுந்து, கூத்தில் அர்ச்சுனன் தபசு எப்படி இருந்தது என்று பேச ஆரம்பிப்பார். வேகம் குறையும். 30 முடியாது, 20கூட முடியாமல் போகலாம். போகட்டும். அவர் காதால் கேட்ட புத்தகத்தை அவருடைய கணக்கில் சேர்த்து, போட்டியில் அவரையும் ஓர் ஆளாகப் போடச் சொல்லி நண்பர்களிடம் கேளுங்கள்.

படித்துக் காட்டுகிறேன், அதனால் ஆபரேஷனை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் அங்கேதான் வழுக்குவார்கள். வருகிற திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் தேதி கொடுப்பார்கள், அதற்கே சில வாரம் ஆகலாம். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள், இடைவெளி விடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். காலையும் இரவும் நீங்களே விடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு, தூரத்துப் பார்வை தெளிவாக இருந்தாலும் புத்தகம் படிக்கப் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும். அளவெடுக்க ஒருநாள் அவரைக் கடைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும். அந்த நாளுக்கும் சேர்த்தே மேலதிகாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.